மூன்று கோடு கழித்து

வெள்ளக்கல்பாளையத்தில் மனுசர்களுக்கு உயரம் குறைய ஆரம்பித்த வருஷம் மழை நன்றாகத்தான் பெய்தது, சோளம் நன்றாகத்தான் விளைந்தது, மாரியம்மன் நோம்பியும் ஒரு குறையில்லாமல் நடந்தது. ஆகையால் சாமி குத்தம் என்று சொல்ல யாருக்கும் வழியில்லாமல் போயிற்று. பைபாஸ் ஓரத்தில் இருநூறு ஏக்கரில் இருந்த பம்ப் கம்பெனி, அதற்கு நீளமான ஒரு பெயர் உண்டு, ஊருக்கு அது பெரிய கம்பெனி, அந்த வருஷம் ஆயிரம் ஆளைப் புதிதாக எடுத்தது. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுடைய பேண்ட்டெல்லாம் ஒரே வாரத்தில் தரையில் புரள ஆரம்பித்தது. மறுவருஷம் இன்னொரு ஆயிரம், அதற்கடுத்த வருஷம் இன்னொரு ஆயிரம் என்று கம்பெனி பெருக்கப் பெருக்க, உள்ளே இருந்தவர்கள் சிறுத்துக்கொண்டே வந்தார்கள். நெட்டையான ஆளுக்கு வேகமாகவும் குட்டையான ஆளுக்கு மெதுவாகவும் குறைந்தது; அதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று ஊரே ஒப்புக்கொண்டது.

சும்மா சொல்லக்கூடாது, ஊர் சீக்கிரம் பழகிக்கொண்டது. டெய்லர் ஒரு சட்டையை வெட்டி நாலாக்கிக் கொடுத்தார், நாலு வருஷம் கழித்து அதே சட்டையைப் பத்தாக்கினார். பேக்கரியில் பெரிய கம்பெனி ஆட்களுக்கு மருந்து பாட்டில் மூடியில் டீ ஊற்றினார்கள், சர்க்கரை தூக்கலா கம்மியா என்று மறக்காமல் கேட்டும் ஊற்றினார்கள். கம்பெனி பஸ்ஸில் ஒரு சீட்டில் எட்டுப் பேர் உட்கார்ந்து கால் நீட்டிச் சீட்டாடிக்கொண்டு போனார்கள். கல்யாணத் தரகர்களுக்கு மட்டும் கொஞ்சம் தடுமாற்றம் இருந்தது, அதுவும் ஒரு முகூர்த்தத்தோடு சரியாகிவிட்டது; பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளையை உள்ளங்கையில் நிறுத்திப் பார்த்துவிட்டு, "பையன் பெரிய கம்பெனிங்களே, பின்ன என்ன?" என்று வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

சிறிய பட்டறைகளில் நடந்தது இதற்கு நேர்மாறு. சந்தைப்பேட்டைக்குப் பின்னால் ஆறுக்குட்டி என்பவர் பம்புக்கு ஷாஃப்ட் கடைகிற லேத் பட்டறை வைத்திருந்தார். முதலில் பதினோரு பேர் வேலை பார்த்தார்கள். ஒவ்வொருவராகப் பெரிய கம்பெனிக்குப் போகப் போக, மிச்சமிருந்தவர்கள் வளர்ந்தார்கள். ஒரு ஆள் போனால் போனவன் பார்த்த வேலையும் இருக்கிறவர் தலையில்தானே விழும், அது விழ விழ ஆட்கள் நீண்டார்கள். இப்போது ஆறுக்குட்டியோடு சேர்த்து நாலே பேர். ஆறுக்குட்டிக்கு ஒன்பது அடி. மூன்று வருஷமாக அவரால் சொந்தப் பட்டறைக்குள் நுழைய முடியவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கையை விட்டு மெஷின்களைத் தொட்டுப் பார்ப்பார்.

அந்த நாலு பேரில் ஒருத்தி பரிமளா; அவளுக்கு ஆறே முக்கால் அடி. பட்டறையில் கடைந்து முடித்த ஷாஃப்ட்டை அளந்து சரி, தப்பு சொல்கிற வேலை அவளுடையது என்று பேர். ஆனால் நாலு பேர் இருக்கிற இடத்தில் ஒரு வேலையோடு யார் விடுகிறார்கள்? இரும்பு வந்து இறங்கினால் சின்னச் சுத்தியலால் தட்டி விரிசல் பார்ப்பாள். நல்ல இரும்பு டங்கென்று பேசும், விரிசல் விட்டது டொப்பென்று கம்மும். லேத்தில் நிற்பாள், பில் போடுவாள், கரண்ட் ஆபீசுக்குப் போவாள், ஆறுக்குட்டிக்கு எட்டாத மூலையைக் கூட்டிப் பெருக்குவாள். ஆறு வருஷமாக அவளுக்கு லீவு என்று ஒன்று கிடையாது. பஸ்ஸில் முழங்கால் முகத்தில் இடிக்கும், எந்தச் சேலையும் கணுக்காலோடு நின்றுவிடும், முதுகு ஓயாமல் வலிக்கும்.

அந்தப் பட்டறையில் ஒரு வெர்னியர் இருந்தது. தலைமுடியை மூன்றாகப் பிளந்தால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவு நுணுக்கமாக அளந்து காட்டுகிற அளவுகோல் அது. அந்த ஒரு பங்குக்குப் பட்டறைப் பேச்சில் ஒரு கோடு என்று பெயர். எப்போதோ ஒருமுறை கீழே விழுந்ததிலிருந்து எதை அளந்தாலும் மூன்று கோடு கூடுதலாகவே காட்டும். புதிது வாங்க ஆறுக்குட்டிக்கு மனசு வரவில்லை. பட்டறையில் சேருகிற யாருக்கும் முதல் நாள் முதல் பாடம் அதுதான்: அளந்தவுடனே மூன்று கோடு கழி. கழிக்க மறந்து ஒரு லோடு ஷாஃப்ட்டை வீணாக்கிய ஒரே ஆள் மகுடபதி. அந்த லோடைத் திருப்பி அனுப்பியபோது பரிமளா விழுந்து விழுந்து சிரித்தாள், அந்தச் சிரிப்பில்தான் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிற்று. கல்யாணத்தன்று மாலை மாற்ற இரண்டு பேருமே குனியவும் வேண்டியிருக்கவில்லை, எக்கவும் வேண்டியிருக்கவில்லை.

கல்யாணம் முடிந்த மூன்றாம் மாசம் மகுடபதி பெரிய கம்பெனிக்குப் போனான். இப்போது ஒன்பது வருஷம் ஆகிறது. அவனுடைய உயரம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு.

கம்பெனியில் அவனுக்கு நல்ல பெயர். கை நுழையாத பம்ப் வயிற்றுக்குள் இறங்கி, ஒட்டியிருக்கிற மணலையும் பிசிறையும் சுரண்டி எடுக்கிற வேலை. இப்படி ஒரு வேலையை உண்டாக்கியதற்காகக் கம்பெனிக்கு டெல்லியில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். வீட்டில் டிபன் கேரியரின் மேல் தட்டில் துண்டை மடித்துப் போட்டு அவனுக்குப் படுக்கை. முன்பெல்லாம் தலையணை ஓரத்தில்தான் படுத்துக்கொண்டிருந்தான். ஒருநாள் பரிமளா தூக்கத்தில் புரண்டு, நல்லவேளை, தலைமயிர் மட்டும் அவன் மேல் விழுந்தது. அன்றிலிருந்து அவள் சுவரோடு ஒட்டி, அசையாமல், கட்டை மாதிரிப் படுக்கப் பழகினாள். புருஷன் பக்கத்திலேயே இருக்க, புருஷனைத் தொட முடியாத பொம்பளை ஆகிப்போனோமே என்று அவளுக்கு இருந்த துக்கத்தை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. ரேஷன் கடை வரிசையிலேயே சொல்லி அழுதிருக்கிறாள்.

ஒவ்வொரு தடவை கம்பெனி ஆள் எடுத்த பிறகும் பட்டறை வெர்னியரைப் பையில் போட்டுக் கொண்டுவந்து அவனை அளப்பாள். அவன் சுவரோரம் படுத்து மூச்சைப் பிடித்துக்கொள்வான். அவள் பார்த்துச் சொல்வாள், காலண்டரில் குறித்து வைப்பாள். அப்படிச் சொல்லும்போது மட்டும் மூன்று கோடு கழிக்கமாட்டாள். வேலையில் ஒருநாளும் பிசகாத அவளுடைய கை, அந்த ஒரு இடத்தில் மட்டும் தெரிந்தே பிசகியது. அவளால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான்.

இப்படி இருக்கையில் தை மாசம் பெரிய கம்பெனி விளம்பரம் கொடுத்தது. இரண்டாவது யூனிட், ஆயிரத்து இருநூறு பேர், தம்பதிகளுக்கு முன்னுரிமை, குவார்ட்டர்ஸ் உண்டு. மகுடபதி அவளைக் கேட்காமலே அவள் பேரில் எழுதிப் போட்டான், பத்தே நாளில் கடுதாசி வந்துவிட்டது: வியாழக்கிழமை வந்து கையெழுத்து, திங்கட்கிழமை வேலை.

"வந்துரு புள்ள," என்றான், குழம்புக் கரண்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு. "ஆஸ்பத்திரிச் செலவு கம்பெனிது, பஸ் கம்பெனிது, வருஷத்துக்கு இருபத்தொரு நாள் லீவு. அந்தப் பட்டறைல என்ன இருக்குது? நாளைக்கு ஆறுக்குட்டியண்ணன் படுத்துட்டாருன்னா அன்னைக்கே பூட்டு."

"அதெல்லாஞ் சரிங்க. போன தடவை ஆயிரம் பேரு எடுத்தப்ப உங்களுக்கு ஒரு சாண் போச்சு. இப்ப ஆயிரத்து இருநூறு. உங்ககிட்ட இருக்கறதே ஒரு சாண் இல்லீங்களே."

மகுடபதி கரண்டிக் காம்பைத் தடவினான். "அதுக்குக் கம்பெனி ஏதாச்சும் வெச்சிருக்கும்," என்றான். அப்புறம் சின்னக் குரலில், "நீ வந்தா நீயும் எறங்குவே இல்ல? ஒருநாளாச்சும் உன்ற மொகத்தை நேருக்கு நேராப் பாக்கலாமுன்னுதான்," என்றான்.

அவள் இறங்கி வருவதற்குள் அவன் இருப்பானா? ஆயிரத்து இருநூறில் அவளும் ஒன்று. அவள் போடுகிற கையெழுத்தும் சேர்ந்துதானே அவனைக் கரைக்கும்? இங்கேயே நின்றால் அவனுக்கு எட்டாத உயரத்தில் அவள் பாட்டுக்கு வளர்ந்துகொண்டு போவாள். இரண்டு நாள் யோசித்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். கடைசியில் போவதென்று முடிவு பண்ணி ஆறுக்குட்டியிடம் சொன்னாள்.

ஆறுக்குட்டி மேலே வேப்பங்கிளையில் மாட்டியிருந்த துண்டை எடுத்து முகம் துடைத்தார். "போறதுன்னாப் போ அம்மிணி. நீ போனா நான் இன்னொரு முழம் வளருவன், அவ்வளவுதான? மரத்தைத்தான் கவாத்துப் பண்ணோணும்."

புதன்கிழமை சாயங்காலம் கம்பெனி பஸ் வந்தது, மகுடபதி வரவில்லை. பஸ்ஸில் வந்தவர்களைக் கேட்டாள், சீட்டுக்கடியில் தேடினாள், செக்யூரிட்டிக்குப் போன் போட்டாள். உள்ளே வந்த கணக்கு இருக்கிறது, வெளியே போன கணக்கு இல்லை, அதனால் உள்ளேதான் இருப்பார் என்று செக்யூரிட்டி சொன்னார். டிபன் கேரியர் தட்டில் துண்டு மடித்தபடியே கிடந்தது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் பெரிய கம்பெனி வாசலில் நின்றாள். ஆள் சேர்க்கிற அதிகாரி சத்தியநேசன் மேஜை மேல் ஸ்டேப்ளரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அங்கே பதினான்கு வருஷ சர்வீஸ், நல்ல மரியாதைக்காரர், டை கட்டியிருந்தார்.

"வாங்க மேடம், உக்காருங்க. அதோ அந்தக் கட்டம் போட்ட இடத்துல ஒரு கையெழுத்து."

"என்ற ஊட்டுக்காரரைக் காணமுங்க. மகுடபதி, கிளீனிங் செக்‌ஷன்."

அவர் பக்கத்திலிருந்த கம்ப்யூட்டரின் பட்டன்கள் மேல் நடந்து பார்த்தார். "காணாமப் போகலையே மேடம். நேத்து காலைல எட்டு அம்பதுக்குப் பஞ்ச் பண்ணியிருக்கார். வெளியே பஞ்ச் ஆகலை. இப்பவும் ஓவர்டைம் ஓடிட்டிருக்கு பாருங்க."

"உள்ளன்னா எங்கீங்க?"

"உள்ளன்னா... உள்ளதான் மேடம்."

"தேடலீங்களா?"

"பிரசென்ட்னு காட்டறவரை எப்படித் தேடறது? ஆப்சென்ட் ஆனாத்தான் அதுக்கு ஒரு ஃபாரம் இருக்கு."

பரிமளா அவர் பக்கம் குனிந்தாள். "சார், ஒண்ணு கேக்கறன். திங்கட்கெழமை ஆயிரத்து இருநூறு பேரும் உள்ள வந்தா, பழைய ஆளுக எவ்வளவு இருப்பீங்க?"

"அதுக்கு ஒரு கமிட்டி போட்டிருக்கோம் மேடம்," என்றார் சத்தியநேசன். டையைச் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். "நானும் அதுல ஒரு மெம்பர்."

கடுதாசியை அவள் நடுவில் மடித்து மேஜை மேல் நிறுத்தினாள். அது அவருக்கு ஒரு தட்டி மறைப்பு போல நின்றது. கையெழுத்துப் போடப் பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கதவில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே வந்தாள்.

பம்புகள் கப்பலுக்குப் போகிற யார்டு பின்பக்கம் இருந்தது. இரண்டாயிரத்து முந்நூறு பம்ப், வாயில் நீல மூடி போட்டு, வயிற்றில் சோதித்தாயிற்று, சரி என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, வரிசை வரிசையாக நின்றது. பன்னிரண்டு மணிக்குக் கண்டெய்னரில் ஏற்றி சீல் வைத்துவிடுவார்கள். லோடு ஏற்றுகிறவர்கள் காண்ட்ராக்ட் ஆட்கள். அவர்களைக் கம்பெனி ஆள் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால், பிறந்து வளர்ந்த அதே உயரத்தில் இருந்தார்கள்.

"என்னக்கா தேடுறீக?" என்றான் உசிலம்பட்டிப் பக்கத்து ஆள் ஒருத்தன்.

"என்ற ஊட்டுக்காரரை. ஒரு சாண் இருப்பாரு. இதுல ஏதோ ஒண்ணுக்குள்ள இருக்காருன்னு நெனைக்கறன்."

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்களேன்."

கூப்பிட்டாள். எல்லோருமாகச் சேர்ந்து கூப்பிட்டார்கள். இரண்டு விரற்கடை கனத்த இரும்புக்குள் யாருக்கு என்ன கேட்கும்? அத்தனை மூடியையும் திறந்து பார்க்க இரண்டு நாளாகும். மணி பத்தரை. பரிமளா அந்த உசிலம்பட்டி ஆளிடம் ஒரு ஸ்பேனரை வாங்கிக்கொண்டாள். "அந்த ஃபோர்க்லிஃப்டைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க தம்பி. ஒருத்தரும் பேசாதீங்க."

கம்பெனி தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக அந்த யார்டு அமைதியானது. அவள் முதல் பம்பைத் தட்டினாள். டங். இரண்டாவதைத் தட்டினாள். டங். டங், டங் என்று ஒரு வரிசை முழுக்கப் போய், அடுத்த வரிசையில் திரும்பி, வெயில் உச்சந்தலையில் ஏற ஏற, முதுகு விண் விண்ணென்று தெறிக்கத் தெறிக்க, ஆறே முக்கால் அடி உடம்பைக் குனிந்து குனிந்து தட்டிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் டொப்பென்றது. பாய்ந்து மூடியைத் திறந்தாள்; உள்ளே யாருமில்லை, அது வெறும் விரிசல். கைப் பழக்கத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். இப்படிப் பதினோரு பெருக்கல் குறி. அத்தனையிலும் பச்சை ஸ்டிக்கர் இருந்தது.

பதினொன்றே முக்காலுக்கு, பதினேழாவது வரிசையில், ஒரு பம்ப் டங்கென்று ஆரம்பித்துப் பாதியில் நின்றது. அடித்த கோவில் மணியை உடனே யாரோ கையால் பிடித்துக்கொண்ட மாதிரி. அவள் மூடியைத் திறக்குமுன்பே அழ ஆரம்பித்துவிட்டாள்.

மகுடபதி ஒரு கையில் சுரண்டியும் இன்னொரு கையில் துணிக் கழிவுமாக எட்டிப் பார்த்தான். "சுரண்டிட்டிருக்கறப்பவே மூடியைப் போட்டுட்டாங்க புள்ள. அடுத்த செக்‌ஷன்காரங்க. ஸ்டிக்கர் ஒட்டியாச்சுன்னா உள்ள பாக்க மாட்டாங்க," என்றான், யார் மேலும் குற்றமில்லாத குரலில். பிறகு, "கையெழுத்துப் போட்டுட்டியா?" என்று கேட்டான்.

"அறிவு இருக்குதுங்களா உங்களுக்கு?" என்று அவள் போட்ட சத்தத்தில் லோடுமேன்கள் இரண்டடி பின்னால் போனார்கள். "கப்பல்ல போயிருப்பீங்க! எந்தச் சீமைலயோ எவனோ ஒருத்தன் கெணத்துல எறக்கித் தண்ணி எடுத்திருப்பான்! உங்களைக் காணமுன்னு சொல்றதுக்குக்கூட இந்தக் கம்பெனில ஒரு ஆள் இல்ல, ஆனா நான் ஒருநாள் போகலீன்னா அந்தப் பட்டறையே நின்னு போகுமுங்க!" ஒரு சொட்டுக் கண்ணீர் அவன் தலையில் விழுந்து சட்டை முழுக்க நனைந்தது.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "செரி, போலாம். பஞ்ச் அடிச்சுட்டு வந்தர்றன்," என்றான்.

"வேண்டாங்க," என்றாள். "உள்ள இருக்கறதாவே இருக்கட்டும்."

சாப்பாட்டுக் கூடையில் அவனை உட்காரவைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கம்பெனி பஸ்ஸுக்கு நிற்காமல், நேரே பட்டறைக்கு நடந்தாள். ஆறுக்குட்டி வேப்பமரத்தடியிலிருந்து கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"வா மகுடபதி. லோடைக் கெடுத்தவன்தான நீ? லேத்துல நிக்க முடியாது. சுத்தியல் தூக்க முடியாது. என்ன செய்வே?"

"மெஷின்ல எண்ணெய் போற ஓட்டையெல்லாம் அடைச்சுக் கெடக்குமுங்க. உள்ள எறங்கிச் சுத்தம் பண்ணித் தர்றனுங்க."

"லீவெல்லாம் கெடையாது, இப்பவே சொல்லிப்போட்டன். சம்பளம் ஏழாந்தேதின்னு சொல்லுவன், பத்தாகும்."

"செரிங்க."

"நாளைக்கு எட்டரைக்கு வந்துரு," என்றார் ஆறுக்குட்டி.

திங்கட்கிழமை பெரிய கம்பெனியில் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் சேர்ந்தார்கள். அன்று சாயங்காலம் கம்பெனி பஸ் வழக்கமான நேரத்துக்கு வந்தது. பாதி சீட் காலியாகத் தெரிந்தது. டிரைவர் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் வழக்கம்போல ஒரு நிமிஷம் நிறுத்தி, எல்லோரும் இறங்கியிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு வண்டியை எடுத்தார். ஸ்டாப்பில் நின்ற பெண்களும் கொஞ்ச நேரம் கீழே பார்த்தபடி நின்றுவிட்டு, பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைத்து வீட்டுக்குப் போனார்கள். மகுடபதிக்கு மாசக் கடைசியில் கம்பெனியிலிருந்து ஒரு பாராட்டுக் கடுதாசி வந்தது: இடைவிடாத வருகைக்காக.

ஆனால் அது பிறகு. அந்தத் திங்கட்கிழமை, சாப்பாட்டு மணிக்கு, ஆறுக்குட்டி எழுந்து கைகால் நீட்டிவிட்டுப் பட்டறை வாசலில் தலையைக் குனிந்தார், தோளைக் குறுக்கினார், உள்ளே வந்துவிட்டார். மூன்று வருஷத்துக்குப் பிறகு தன் லேத்தின் முன்னால் நின்று அதைத் தடவிக் கொடுத்தார். ஐந்தாவது ஆள் வந்ததில் பழைய நாலு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இறங்கியிருந்தது. பரிமளாவின் சேலை கணுக்காலுக்குக் கீழே ஒரு விரற்கடை வந்திருந்தது.

அவள் வெர்னியரை எடுத்துத் துடைத்தாள். மகுடபதி மேஜை மேல் விறைப்பாகப் படுத்து, மூச்சைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டான். அவள் உச்சந்தலைக்கும் உள்ளங்காலுக்கும் அளவுகோலைப் பொருத்தி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள், மூன்று விரலை மடக்கினாள். பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்துப் போன தடவைக் கணக்கைப் பார்த்தாள்.

"போன தடவைக்கு ஒரு கோடு கூடியிருக்குதுங்க," என்றாள்.

அவன் கண்ணைத் திறக்கவில்லை. "இத்தனை வருஷமா எனக்காகக் கழிக்காமயே சொல்லிட்டிருந்தே," என்றான். "இப்பவாச்சும் மூணு கோடு கழிச்சியா?"

"கழிச்சுட்டனுங்க," என்றாள் பரிமளா.